வாய் நீண்ட சீர்வரிசை

எதிர்வீட்டு ஃபிரிட்ஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் அடுக்ககத்தில் எல்லா ஃபிரிட்ஜுகளும் பேசத்தான் செய்கின்றன. ஆனால் இப்படி ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிற ஃபிரிட்ஜை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ‘அம்மையார் நேற்றைய சாம்பாரைக் குப்பையில் கொட்டினார். ஐயா உணவுக்குப் பின் பெயர்ச்சீட்டு கிழிக்கப்பட்ட ஒரு புட்டியை எடுத்துச் சென்றார்’ என்று தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்துவிடும். அடுப்படியில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றுகொள்வேன். எனக்கு சீரியல் பழக்கம் கிடையாது.

இதில் வேடிக்கை, இந்தப் பேச்சு அடுக்ககத்தில் என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அவர்களுக்கு அது சுவர்க்கோழி கத்துகிற மாதிரி வெறும் கிர்ர்.

சில வருஷங்களுக்கு முன்னால், வீட்டுச் சாமான்கள் தங்களுக்குள் கள்ளத்தனமாக எதையோ பரிமாறிக்கொள்கின்றன என்று ஊரெல்லாம் ஒரு கூச்சல் எழுந்தது. அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தோடு பேசுவதானால் வாய்விட்டு, மனிதர்களின் மொழியில்தான் பேச வேண்டும், தமிழ்நாட்டில் தமிழில். கம்பெனிக்காரர்கள் மிகவும் பணிவாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். தமிழில்தான் பேசவைத்தார்கள், வாய்விட்டுத்தான் பேசவைத்தார்கள். எந்த வேகத்தில் என்று மட்டும் சட்டத்தில் யாரும் எழுதவில்லை. அதனால் ஒரு பக்கத்துச் செய்தி ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிடும். ஜனங்களும் ரெண்டு நாள் புருவத்தைச் சுருக்கிவிட்டு அந்தக் கிர்ருக்குப் பழகிப்போனார்கள்.

கம்பெனிக்காரர்களின் கணக்கில் நாங்கள் வரவில்லை. நாங்கள் என்றால் பார்வையில்லாதவர்கள். திரையில் இருப்பதை எங்களுக்கு ஸ்கிரீன் ரீடர் என்ற குரல்தான் படித்துச் சொல்கிறது. முதலில் எல்லோரும் நிதானமான வேகத்தில்தான் வைத்துக்கொள்வோம். பிறகு யாருக்குப் பொறுமை இருக்கிறது? மாசத்துக்கு மாசம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் மெதுவாக வைத்துக் கேட்டால் ‘இன்னும் மாட்டுவண்டியிலயா?’ என்று கிண்டல் செய்வோம். நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மாணவர்களின் கட்டுரைகளை எல்லாம் உச்ச வேகத்தில்தான் கேட்பேன்; அவற்றுக்கு அதுவே அதிகம். என் போனில் படிக்கிறவன் ஒரு கரகரத்த ஆண்குரல்காரன். போனை எத்தனையோ முறை மாற்றிவிட்டேன், அவனை மாற்றவில்லை. அவனுக்கு ஆசாமி என்று பெயர்.

என் பெயர் தாரணி. கோவை சரவணம்பட்டியில் இந்த வீட்டை வாங்கித் தனியாகக் குடிவந்தபோது அண்ணன் மகுடேஸ்வரனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அண்ணனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. அண்ணி ரேவதியும் நல்ல மாதிரிதான். அவர்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை எப்போதும் கூட்டிப் பெருக்கித் தயாராக இருக்கும். அந்த அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அங்கே நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் மூன்று பேர் கூடவே எழுந்திருப்பார்கள். டம்ளர் என் கைக்கு வரும், நான் டம்ளரிடம் போக முடியாது. எனக்கு வேண்டியதெல்லாம் என் தண்ணீரை நானே மொண்டு குடிக்கிற ஒரு வீடு.

“தீவாளி வரைக்கும் பாக்கறேன். நீயா சோறாக்கித் தின்னுக்கிட்டு இருந்தீன்னா சரி. இல்லீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டுத் திருப்பூர் வந்தரோணும்” என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

சோறாக்குவது எனக்குப் பெரிய வித்தையில்லை. சின்ன வயதிலிருந்தே கேஸ் அடுப்பில் சமைத்தவள்தான். ஆனால் புது வீட்டுக்கு வந்த அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் முகம் முழுக்க வழவழவென்று கண்ணாடி. திருகக் குமிழ் இல்லை, அழுத்தப் பொத்தான் இல்லை. விரலால் தேடினால் தேடுகிற இடத்தையெல்லாம் அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அடுப்பு பாட்டுக்கு எரியும். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பார்த்தேன். அடுத்த அப்டேட்டில் எல்லாம் இடம் மாறிவிட்டது. கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பதில் ஒரு படமாக வந்தது. ஆசாமி அதை ‘படம்’ என்று படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். மறுபடி எழுதப் போனால், நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அதற்கு சைக்கிள் தெரிகிற படங்களை எல்லாம் தொட வேண்டுமாம்.

அப்படி ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் அடுப்பு கிர்ர் என்றது. வேறு யோசனையில் இருந்ததால் அது சட்டென்று காதில் விழுந்து புரிந்துவிட்டது. ‘இல்லத்தார் இன்றும் சமைக்கவில்லை’ என்று அது நடைவழியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக மாட்டியிருக்கிற பெட்டியிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், அது தமிழ் என்பதே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு வீட்டுச் சாமானும் நடைவழிப் பெட்டியிடம் செய்தி சொல்லும். பெட்டி திரும்ப ஆணையிடும். ‘அடுப்பே, உன்னைச் சோதித்துக்கொள்’ என்று அது சொன்னால் என் அடுப்பு ‘ஆகட்டும்’ என்று பணிவாகச் செய்தது. எனக்குக் கை பரபரத்தது. போனில் ‘அடுப்பே, மிதமான சூட்டில் எரிக’ என்று எழுதி, ஆசாமியை உச்ச வேகத்துக்கு முடுக்கி, சத்தமாகப் படிக்கவிட்டேன்.

அடுப்பு ‘ஆகட்டும்’ என்றது. மனுஷி என்று நிரூபிக்க முடியாமல் தவித்தவளுக்கு, இயந்திரம் என்று நிரூபிக்க ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது.

அன்று வைத்த ரசத்தை நானே மெச்சிக்கொண்டு குடித்தேன். வாஷிங் மெஷினும் அப்படியே வழிக்கு வந்தது. ஆணை இயந்திர வேகத்தில் வந்தாலும் குரல் ஆண்குரல் என்பதால் அவை ஏமாந்துபோய், ‘இல்லத்து ஐயா சோறு வைத்தார், ஐயா துணி துவைத்தார்’ என்று பெட்டியிடம் சொல்லின. எனக்கு அது பெரிய தமாஷாக இருந்தது. ஆவணி வாக்கில் அண்ணனும் திருப்பூர்ப் பேச்சைத் தானாகவே விட்டுவிட்டார். ஒருநாள் போனில், “உனக்கு எது சௌகரியமோ அப்புடியே இருந்துக்க கண்ணு” என்றுகூடச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஒரு வாரம் அடுப்பு எரியாமல் நான் ஹோட்டல் சாப்பாடு வாங்கினேன் என்று கேள்விப்பட்டால் அதே அண்ணன் வேனோடு வந்து நிற்பார்.

அதனால் இந்த ரகசியத்தை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இயந்திரப் பேச்சு ஒருத்திக்குப் புரிகிறது என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் அடுத்த அப்டேட்டிலேயே அதை என் காதுக்கும் எட்டாத வேகத்துக்குக் கொண்டுபோய்விடுவான். அன்றோடு என் அடுப்பு ஊமை, நான் திருப்பூர்.

எதிர்வீட்டில் இருப்பவர்கள் யாழினியும் கௌதமும். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. ரெண்டு வீட்டு அடுப்படியும் ஒரே காற்றுச் சந்துப் பக்கம் பார்த்து இருப்பதால் அவர்கள் ஃபிரிட்ஜ் சொல்வது எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்கும். நல்ல பிள்ளைகள்தான். யாழினி காலையில் தாமதமாக எழுந்திருப்பாள், மாவு புளித்துப்போகும், பரோட்டா வரவழைப்பார்கள், சிரிப்பார்கள். கொஞ்ச நாளாகச் சிரிப்பு நின்று சண்டை கேட்டது.

ஒருநாள் யாழினி என் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் அழுதாள். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிற அவள் அம்மாவுக்கு இவர்கள் வீட்டு விஷயம் எல்லாம் தெரிந்துவிடுகிறதாம். சாம்பாரைக் கொட்டினால் மறுநாள் காலை அம்மாவிடமிருந்து போன் வரும், ‘பண்டத்தை வீணாக்கக் கூடாது கண்ணு’ என்று. கௌதம் ஒரு பீர் குடித்தால் ‘மாப்பிள்ளை ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு’ என்று. வீட்டில் இருப்பதோ ரெண்டே பேர். தான் சொல்லவில்லை, அப்படியானால் புருஷன்தான் மாமியாரிடம் போட்டுக்கொடுக்கிறான் என்பது யாழினியின் முடிவு. அவள்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கிறாள் என்பது கௌதமின் முடிவு. ரெண்டு பேரும் சாமி மேல் சத்தியம் செய்தாகிவிட்டது. அதில் ஒருத்தர் சத்தியம் பொய் என்று இருவரும் நம்பினார்கள்.

எனக்கு அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே விஷயம் விளங்கிவிட்டது. மாலையில் ஃபிரிட்ஜ் சொல்வதுதான் காலையில் அம்மா வாயில் வருகிறது. இதைச் சொல்லலாம்தான். சொன்னால் கௌதம் சும்மா இருப்பானா? கம்பெனி மேல் புகார் கொடுப்பான், அது பேப்பரில் வரும், மறுவாரமே அப்டேட் வரும். நான் யாழினிக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அந்த மோரை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அடுத்த சில நாட்கள் ஃபிரிட்ஜ் சொன்னது எதுவும் ரசிக்கவில்லை. ‘ஐயா தனியாக உண்டார். அம்மையார் உண்ணவில்லை.’ மறுநாளும் அதே. கடைசியில் ஒரு சாயங்காலம் நடைவழியில் சூட்கேஸ் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து, “யாழினி, ஒரு நிமிசம் உள்ள வா” என்றேன்.

“நேரமாச்சுங்க்கா. கோபி பஸ்ஸப் புடிக்கோணும்” என்றாள்.

“உங்க வீட்டு ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷினெல்லாம் ஆரு வாங்குனது?”

“சீர் சாமானுங்க்கா. அம்மாதான் கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்தாங்க. இப்ப அது எதுக்குங்க்கா?”

“கடையில போன் நம்பர் கேட்டிருப்பாங்கல்ல, ஆரு நம்பரக் குடுத்தாங்க?”

“பில்லு போடறப்ப அம்மாதான் இருந்தாங்க. அவங்க நம்பரத்தான்…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “அதனால என்னங்க்கா?” என்றாள்.

சீர் கொடுக்கிறவர் கடையில் நிற்பார், கடைக்காரன் கேட்டால் தன் நம்பரைச் சொல்லுவார். நம் பக்கத்தில் நூறு கல்யாணத்தில் நூறிலும் இப்படித்தான் நடக்கிறது. சாமான்கள் வீட்டுக்காரர் என்று நினைப்பது அந்த நம்பரைத்தான். அவை பெட்டியிடம் சொல்வதை எல்லாம் பெட்டி அந்த நம்பருக்கு அனுப்பிவிடும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நல்லவேளையாக, எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் கிர்ர் என்று ஆரம்பித்தது. அதைப் போனில் பதிவு செய்து, வேகத்தை மாட்டுவண்டிக்குக் கொண்டுவந்து, அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

‘அம்மையார் பிற்பகல் தயிர்ச்சாதத்தில் இரண்டு வாய் மட்டும் உண்டார். பிறகு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். குளிர் வீணாயிற்று.’

யாழினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப அவரு சொல்லலீங்களா?”

“அவரும் சொல்லல, நீயும் சொல்லல. உங்க சீர்தான் சொல்லுது.”

அதற்குப் பிறகு என் அடுப்பு விஷயத்தையும் சொல்லி, இது வெளியே போனால் எனக்கு வீடில்லை என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்ல மாட்டேன், புருஷனிடம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சூட்கேஸ் வந்த வழியே உருண்டுபோனது. அன்று ராத்திரி எதிர்வீட்டில் பரோட்டா வாசனை வந்தது.

நம்பரை மாற்றிவிட்டால் அதோடு முடிந்திருக்கும். யாழினிக்கு அது போதவில்லை. இத்தனை மாசமாகத் தன்னை அழவிட்ட அம்மாவுக்கு ஒரு பாடம் புகட்டியே தீர வேண்டும் என்று நின்றாள். கௌதம் ஃபிரிட்ஜின் ஒலிபெருக்கியில் பிளாஸ்திரியை ஒட்டி அதன் வாயை அடைத்தான். அதற்குப் பதிலாக ஆசாமி பேசினான். வாசகம் அவர்களுடையது, தமிழ் என்னுடையது. ‘நான் யாழினி இல்லத்து ஃபிரிட்ஜ். அம்மையார் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தார். வாசல் தெளித்துக் கோலமிட்டார். கம்பங்கூழ் காய்ச்சினார். ஐயாவின் சட்டைகளைக் கையால் துவைத்தார். பரோட்டா என்ற சொல்லை இவ்வில்லத்தில் எவரும் உச்சரிக்கவில்லை.’ நடைவழிப் பெட்டி சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொண்டது. இதை எழுதும்போது நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் கோபியிலிருந்து ஒரு போனும் வரவில்லை. அம்மா மனம் குளிர்ந்துவிட்டாள் என்று யாழினி பெருமைப்பட்டாள். அப்புறம் ஒரு காலையில், பால்காரர் வருகிற நேரத்தில், எதிர்வீட்டுக் கதவு இடிபட்டது. யாழினியின் அம்மா வளர்மதி முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். நான் கதவைத் திறந்தபோது அவர் மகளின் கைகளைத் தோள்வரை தடவிக்கொண்டிருந்தார். வளையல் சத்தம் மேலும் கீழும் போய்வந்தது.

“எங்க அடிச்சான் சொல்லு. பயப்படாதே, அம்மா வந்துட்டேன்.”

யாரும் அடிக்கவில்லை என்று யாழினி சொல்லச் சொல்ல, அந்த அம்மா குரல் உடைந்துபோய், “என்ர புள்ள அஞ்சு மணிக்கு எந்திரிக்கறவளா? பொறந்ததுல இருந்து உன்ர துணிய நீ தொவச்சிருக்கறியா? கம்பங்கூழுன்னா மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடுவியே. என்ன மெரட்டி வெச்சிருந்தா நீ இப்புடி மாறியிருப்பே?” என்றார்.

கௌதம் கதவோரத்திலிருந்து ‘அத்தை, அத்தை’ என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆசாமியும் நானும் சேர்ந்து எழுதிய பொய்யில் எல்லாம் சரியாக இருந்தது, யாழினி மட்டும்தான் இல்லை. பெற்றவளுக்கு அது தெரிந்துவிட்டது.

எல்லோரையும் என் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டுவந்து உட்காரவைத்து உண்மையைச் சொன்னோம். வளர்மதியம்மா முதலில் கோபப்பட்டார். உங்களுக்கு இப்படி அறிக்கை வருவதை ஏன் மறைத்தீர்கள் என்று மகள் கேட்டதும் கோபம் அடங்கிவிட்டது.

“சொன்னா நிறுத்திப்போடுவே. நீ போன்ல ‘நல்லாருக்கேன்மா’ங்கறதோட வெச்சர்றே. இந்த ஃபிரிட்ஜாவது எனக்கு நாலு வார்த்த சொல்லுச்சு” என்றார்.

எனக்கு அந்த அம்மா மேல் இருந்த கடுப்பெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. அங்கேயே கௌதம் ஃபிரிட்ஜை யாழினியின் நம்பருக்கு மாற்றினான். கம்பெனியிடம் புகார் சொன்னால் என் அடுப்பு போய்விடும் என்பதை யாழினி தன் அம்மாவுக்கு விளக்கினாள். “நான் ஏனுங்க சொல்லப்போறேன்?” என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் ஆசாமியை விட்டு அடுப்பை மூட்டி, எல்லோருக்கும் காப்பி கலந்தேன்.

காப்பியை உறிஞ்சிக்கொண்டே வளர்மதியம்மா சாதாரணமாகக் கேட்டார். “ஏனுங் அம்மணி, உங்க வீட்டுக்கு இதெல்லாம் ஆரு சீர் பண்ணுனாங்க?”

“எங்கண்ணன்தானுங்க” என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

புதுமனை புகுந்தபோது எல்லாச் சாமானையும் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். கடையில் நின்றவர் அண்ணன், நம்பரைச் சொன்னவர் அண்ணன். ஊர் வீட்டு ஃபிரிட்ஜுக்கெல்லாம் காது கொடுத்த எனக்கு, என் வீட்டு அடுப்பு யாரிடம் போய்ச் சொல்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் போனதும் அண்ணனுக்குப் போன் செய்தேன். என் வீட்டுச் சாமான்கள் அவருக்கு அறிக்கை அனுப்புகின்றனவா என்று நேராகவே கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம நானும் உங்கண்ணியும் வர்றோம். நேர்லயே பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனை மாசமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் அடுப்பை நான் தொடுவதில்லை, ஒரு குரல்தான் ஓட்டுகிறது என்பது தெரிந்துவிட்டது, இனி ஏமாற்ற முடியாது, கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘அண்ணா, கண்ணாடியில கை வெச்சு ஓட்டுனாத்தான் சமையலா?’ என்று கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒருவேளை அழுதுவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

அவர்கள் வந்தபோது மல்லிகைப்பூவும், பழமும், கஞ்சி மொடமொடக்கிற புதுத்துணியும் கூடவே வந்தன. அண்ணி தாம்பாளத்தை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் வழக்கமாக உள்ளே வந்ததும் மின்விசிறியைப் பற்றியும் தண்ணீர் வசதியைப் பற்றியும் குற்றம் சொல்லுவார். அன்று ஒன்றும் சொல்லாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

“உன்னையக் கோவிச்சுக்க வரல கண்ணு. மொதல்ல எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்துச்சு. அப்பறம் நீயும் சின்னப் புள்ளையில்லியேன்னு மனசத் தேத்திக்கிட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, படுக்கையறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். “அவர வரச்சொல்லு.”

“ஆரைங்கண்ணா?”

“எங்ககிட்ட என்ன மறைக்கறே? தெனமும் காலையில சோறு வெக்கறாரே, அவரத்தான்.”

அண்ணிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. “துணியும் அவருதான் தொவைக்கறாராமா. ஒருநாள் விடாம எல்லாம் போன்ல வந்துருது. உங்கண்ணன்கிட்டத் தெனமும் படிச்சுக் காட்டறேன், இப்புடியும் ஆம்பளைக இருக்கறாங்கன்னு. எந்த ஊருங்க அவருக்கு?” என்றார். தாம்பாளத்தில் இருந்தது அவருக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவர்களும் வெட்கம் என்று நினைத்துக் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. ஆவணியில் அண்ணன் திருப்பூர்ப் பேச்சை விட்டது என் ரசத்துக்காக இல்லை. என்னால் முடியும் என்று அவர் நம்பியதால் இல்லை. வீட்டில் ஓர் ஆள் இருக்கிறான் என்று நம்பியதால். கண்ணில் பார்க்காத, பெயர் தெரியாத ஒருவனை அத்தனை சுலபமாக நம்பிவிட்டார். என்னை நம்ப அவருக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

நான் எழுந்து பாலை ஊற்றிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். போனை எடுத்து எழுதி, அவர்களுக்கும் புரியட்டும் என்று ஒருமுறை மெதுவாகப் படிக்கவிட்டேன். “அடுப்பே, பாலைக் காய்ச்சுக” என்று ஆசாமி அவனுடைய கரகரத்த குரலில் சொன்னான். அண்ணி பயந்துபோய் நாற்காலியை நகர்த்தினார். பிறகு உச்ச வேகத்தில் ஒருமுறை. அடுப்பு ‘ஆகட்டும்’ என்று எரிந்தது.

பால் பொங்கி அடங்கியபோது அண்ணனின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. அண்ணிதான் கையை விட்டு எடுத்து, வழக்கம்போலப் படித்தார்.

“‘இல்லத்து ஐயா பால் காய்ச்சினார்.’”

நான் மூன்று டம்ளர்களில் காப்பியை ஆற்றி, அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, குடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

“அப்ப இந்த வீட்டுல ஆருமே இல்லியா கண்ணு?” என்று கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

“நானிருக்கறனுங்கண்ணா” என்றேன்.